பொதுத் தேர்வும் பயிற்சி வினாத்தாள்களும்

(அரையாண்டு விடுமுறையில், பத்தாம் வகுப்பு மாணவ மாணவியருக்கும் பெற்றோர்களுக்குமாக நமது பள்ளிவாசலில் இஷாத் தொழுகைக்குப் பின் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





தொழுகையைப் பற்றியோ ஜகாத்தைப் பற்றியோ பேச வேண்டிய இடத்தில் வினாத்தாளைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நம் மஹல்லாவில் ஒவ்வோர் ஆண்டும் சில பிள்ளைகள் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள். பெரும்பாலும் ஆண் பிள்ளைகள். பெரும்பாலும் கணிதம், அல்லது ஆங்கிலம். தேர்வு முடிவு வந்த மறுவாரம் அந்தப் பிள்ளை ஏதாவதொரு கடையில் நிற்கிறான். கடையில் நிற்பது இழிவன்று. ஹலாலான உழைப்பு எதுவும் இழிவன்று. ஆனால் அவன் விரும்பி அங்கே போகவில்லை. வேறு வாசல் அடைபட்டதால் போனான். ஐந்தாண்டு கழித்து வளைகுடாவுக்குச் செல்லலாம் என்று கடவுச்சீட்டு எடுத்தால், பத்தாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்றிதழ் இல்லாதவர்களுக்குப் பொதுவாக அதில் ஈ.சி.ஆர். என்னும் குறிப்பு விழுகிறது. சவூதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா முதலிய 18 நாடுகளுக்கு அவன் வேலைக்குப் போக வேண்டுமானால் தனியே குடியேற்ற அனுமதி பெற்றாக வேண்டும். தரகர்கள் அவனைச் சுற்றி வருவது அங்கேதான் ஆரம்பமாகிறது. 35 மதிப்பெண்ணுக்குள் இத்தனை அடங்கியிருக்கிறது.

இந்தப் பிள்ளைகள் படிக்காதவர்களா என்றால், பலர் படித்தவர்கள்தாம். ஒரு தந்தை நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், இரவு பன்னிரண்டு மணி வரை புத்தகமும் கையுமாகத்தான் இருந்தான். எப்படித் தவறினான் என்றே தெரியவில்லை" என்று கண்கலங்கினார். அவர் சொன்னது உண்மை. பிள்ளை படித்தான். ஆனால் ஒரு முறையாவது, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ஒரு முழு வினாத்தாளை எடுத்து வைத்து, மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பார்த்தானா என்று கேட்டோம். இல்லை. தெரிந்திருக்கிறது என்று அவன் எண்ணிக்கொண்டிருந்தான். தெரிந்திருக்கிறதா என்று எவரும் கேட்டுப் பார்க்கவில்லை.

நாம் கணித ஆசிரியர் அல்லர், ஓதிக்கொடுப்பவர். ஆகவே நமக்குத் தெரிந்த துறையிலிருந்தே இதை விளக்குகிறோம். ஹிஃப்ழு மதரஸாவில் ஒரு மாணவன் புதிய சபக்கை மனனம் செய்துவிட்டான் என்றால் உஸ்தாத் அதோடு விட்டுவிடுவதில்லை. பழைய பாடத்தையும் அன்றாடம் ஒப்பிக்கச் சொல்கிறார். மாணவர்கள் இருவர் இருவராக அமர்ந்து ஒருவர் ஓத மற்றவர் கேட்டுத் தவ்ர் செய்கிறார்கள். சோதனை வைக்கும் நாளிலோ, சூராவின் ஆரம்பத்திலிருந்து ஓதச் சொல்வதே இல்லை. ஏதோ ஒரு பக்கத்தின் நடுவில் பாதி ஆயத்தை ஓதி நிறுத்தி, "இங்கிருந்து தொடங்கு" என்கிறார். முதலிலிருந்து சரளமாக ஓதிவந்த பிள்ளை அங்கே திகைத்து நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். முதலிலிருந்து ஓதும்போது ஒரு ஆயத் அடுத்த ஆயத்தை இழுத்துக்கொண்டு வரும். நடுவில் கேட்டால்தான் நெஞ்சில் பதிந்திருக்கிறதா, நாக்கில் மட்டும் ஓடுகிறதா என்பது வெளிப்படும்.

புத்தகத்தைப் பாடவரிசையில் படிப்பது முதலிலிருந்து ஓதுவதைப் போன்றது. வினாத்தாள் நடுவிலிருந்து கேட்கிறது.

இன்னொன்றும் உண்டு. குர்ஆனில் ஒன்றையொன்று ஒத்த ஆயத்துகள் பல இடங்களில் வருகின்றன. கவனம் சிறிது பிசகினால் ஹாஃபிழ் ஒரு சூராவில் தொடங்கி வேறொரு சூராவுக்குள் போய்விடுவார். தராவீஹில் பின்னால் நின்று எடுத்துக்கொடுப்பவர்களுக்கு அந்த இடங்கள் நன்றாகவே தெரியும். பள்ளிப் பாடத்திலும் அப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன. கூட்டுத் தொடர்வரிசை என்னும் தலைப்பின் கீழ் உள்ள பயிற்சியைச் செய்யும்போது எல்லாக் கணக்கும் கூட்டுத் தொடர்வரிசைதான் என்பது பிள்ளைக்கு முன்பே தெரியும். வினாத்தாளில் தலைப்பு இருப்பதில்லை. இது கூட்டுத் தொடரா, பெருக்குத் தொடரா என்று அவனே கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பயிற்சியை எந்தப் பாடத்தின் பின்பக்கமும் தருவதில்லை. கலந்து கேட்கும் வினாத்தாள்தான் தருகிறது.

ஒவ்வொரு ரமலானிலும் ஜிப்ரீல் (அலை) அவர்கள் வருகை தந்து நபி (ஸல்) அவர்களோடு குர்ஆனை ஓதிச் சரிபார்த்ததையும், நபியவர்களின் இறுதி ஆண்டில் அது இரு முறை நிகழ்ந்ததையும் நாமெல்லாரும் அறிவோம். வஹீயைச் சுமந்த நெஞ்சத்திற்கே மறுபார்வை இருந்தது என்றால், நம் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு வேண்டும்!

சரி, பயிற்சிக்கான வினாத்தாள்களை எங்கே தேடுவது? இதில் ஒரு சிக்கல் இருக்கிறது; பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். அண்ணன் எழுதிய பழைய வினாத்தாள் வீட்டில் இருக்கிறது என்று எடுத்துத் தருகிறார்கள். பத்தாம் வகுப்புக்குப் புதிய பாடநூல்கள் 2019-20 கல்வியாண்டில்தான் வந்தன. அதே ஆண்டில் மொழிப்பாடங்களின் இரு தாள்களும் ஒரே தாளாயின. தேர்வு நேரமும் இரண்டரை மணியிலிருந்து மூன்று மணியானது. அதற்கு முந்திய தாள்கள் பாடத்திலும் அமைப்பிலும் பொருந்தமாட்டா. கொரோனாவினால் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பொதுத் தேர்வு நடக்கவே இல்லை. 2022 மே மாதத் தேர்வு குறைக்கப்பட்ட பாடத்திட்டத்தில் நடந்தது. ஆகவே இன்றைய பாடத்துக்கு முழுமையாகப் பொருந்தும் உண்மையான பொதுத் தேர்வுத் தாள்கள் 2023லிருந்துதான் தொடங்குகின்றன. அவை மிகச் சிலவே. அவற்றைப் பொன்னைப் போல் செலவிட வேண்டும். விளையாட்டாக எடுத்துப் புரட்டி வீணாக்கக் கூடாது.

பலரும் மறந்துவிடும் ஒரு மூலம் உண்டு. தவறியவர்களுக்காக ஆண்டுதோறும் நடத்தப்படும் துணைத் தேர்வின் வினாத்தாள்கள். "அது தோற்றவர்களுக்கானது" என்று நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் அதைத் தொடுவதில்லை. அதே பாடநூல், அதே வினா அமைப்பு, அதே அரசுத் தேர்வுத் துறை. தாள்களின் எண்ணிக்கை இதனாலேயே இரட்டிப்பாகிறது. அடுத்தது, மாநிலப் பெற்றோர் ஆசிரியர் கழகம் வெளியிட்ட மாதிரி வினாத்தாள் தொகுப்பு. பள்ளிக்கூடத்தில் கேட்டால் கிடைக்கும் வழியைச் சொல்வார்கள். காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வுத் தாள்களும் இருக்கின்றன. நம் ஊரில் மட்டுமல்ல, பிற மாவட்டங்களில் படிக்கும் உறவினர் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கலாம். சென்ற ஆண்டு எழுதிய பிள்ளைகள் தாள்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாமல் பள்ளிவாசல் அலுவலகத்தில் கொடுத்தால் அதுவும் ஒரு தர்மமே.

கடைகளில் விற்கும் கைடுகளைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவற்றில் வினாக்கள் ஏராளம். குறை என்னவென்றால் வினாவுக்கு அடியிலேயே விடை அச்சிடப்பட்டிருக்கிறது. விடையைப் பார்த்துக்கொண்டே வினாவைப் படிக்கும் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும். கைப்பேசியில் வினாத்தாளைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதும் இப்படித்தான். நூறு தாள்கள் சேமித்து வைத்திருக்கிறேன் என்று ஒரு மாணவர் நம்மிடம் பெருமையாகக் காட்டினார். எத்தனை எழுதினீர் என்றதற்குப் புன்னகைதான் பதில். நூறு தாள் சேர்ப்பவரைவிட ஐந்து தாள் எழுதியவர் மேல். எழுத வேண்டிய தாளை ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். 2022 பிப்ரவரியில் திருப்புதல் தேர்வு வினாத்தாள்கள் தேர்வுக்கு முன்பே சமூக ஊடகங்களில் வெளியாயின. அது போன்றவை கைக்கு வந்தால் என்ன செய்வது? ஹராமா, கூடுமா என்று பிள்ளைகள் நேராகவே கேட்கிறார்கள், கேட்டது நல்லது. முன்கூட்டியே கசிந்த தாளைப் பார்த்து எழுதுவது அமானிதத்தில் மோசடி. அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. மார்க்கத்தை விட்டுப் பயன் கணக்கே போட்டாலும், திருப்புதல் தேர்வு என்பது தன் நோயைத் தான் அறிந்துகொள்ளும் சோதனை. காய்ச்சல்மானியைக் குளிர்ந்த நீரில் நனைத்துவிட்டு மருத்துவரிடம் நீட்டினால் ஏமாறுவது யார்? தேர்வுக்கு முந்திய இரவு "இவை மட்டும்தான் வரும்" என்று சுற்றுக்கு வரும் பட்டியல்களையும் இந்த வரிசையில்தான் வைக்கிறோம். நாளை வரப்போவது இன்னதென்று கூறுகிறவனை நம்புவதைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை மிம்பரில் பலமுறை கேட்டிருக்கிறீர்கள்.

இனி, எழுதும் முறை. கணிதத்தையே எடுத்துக்கொள்வோம்; பிள்ளைகள் அஞ்சுவது அதற்குத்தான். நம் ஜமாஅத்தின் ஆசிரியர்களிடம் கேட்டறிந்ததைச் சொல்கிறோம். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண் வினாக்கள் 14 தரப்பட்டு 10 எழுத வேண்டும். ஐந்து மதிப்பெண்ணிலும் 14க்கு 10. இவ்விரண்டு பகுதிகளிலும் கடைசி வினா, அதாவது 28ஆவதும் 42ஆவதும், கட்டாய வினா. பிறகு எட்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டு: ஒன்று வடிவியல், மற்றொன்று வரைபடம், ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு. 14, 20, 50, 16 ஆக மொத்தம் 100.

இந்தக் கணக்கைச் சற்று உற்றுப் பாருங்கள். வடிவியலும் வரைபடமும் சேர்ந்து 16. ஒரு மதிப்பெண் 14. இரண்டும் சேர்ந்தால் 30. தேர்ச்சிக்கு வேண்டியது 35. கணிதம் என்றாலே நடுங்கும் பிள்ளை, கவராயத்தையும் அளவுகோலையும் கையில் எடுத்து, வரைதல் கணக்குகளைத் திரும்பத் திரும்ப வரைந்து பழகினாலே கரையை நெருங்கிவிடுகிறான். தவறிவிடுவேனோ என்று அஞ்சுபவர் அங்கிருந்து தொடங்கட்டும். ஆனால் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுக்க எண்ணுபவர்கள் இந்தக் குறுக்குவழியில் நின்றுவிட வேண்டாம். பாடத்தை விட்டுவிட்டு மதிப்பெண்ணை மட்டும் எண்ணிப் படித்தவர், அடுத்த ஆண்டில் அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்த நேரிடும்.

நேரத்தை எப்படிப் பங்கிடுவது? மூன்று மணி என்பது 180 நிமிடம். ஒரு மதிப்பெண் பகுதிக்கு 15, இரண்டு மதிப்பெண்ணுக்கு 40, ஐந்து மதிப்பெண்ணுக்கு 75, எட்டு மதிப்பெண்ணுக்கு 35. ஆக 165. மீதி 15 நிமிடம் சரிபார்க்க. இது ஒரு வழி. அவரவர் கைவேகத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஏதேனும் ஒரு பங்கீடு கையில் இருக்க வேண்டும். பத்து மணிக்குத் தாளைப் பெற்றதும் வாசிப்பதற்கென்று பத்து நிமிடம் தருகிறார்கள். விவரங்களை நிரப்ப ஐந்து நிமிடம். எழுதத் தொடங்குவது பத்தேகாலுக்கு. வாசிக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் எந்த நான்கு வினாக்களை விடப்போகிறோம் என்று முடிவு செய்வதும் பழகிப் பெற வேண்டிய திறமைதான். வீட்டில் எழுதும்போதும் இந்தப் பத்து நிமிடத்தைக் கழித்துவிடாமல் அப்படியே கடைப்பிடியுங்கள்.

எழுதி முடித்தாயிற்று. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். உண்மையான பாடம் இதற்குப் பிறகுதான். விடைக்குறிப்பை எடுத்து, சிவப்பு மையால், ஈவு இரக்கமின்றித் திருத்த வேண்டும். கணிதத்திலும் அறிவியலிலும் படிநிலைகளுக்கு மதிப்பெண் உண்டு. சூத்திரம் எழுதினோமா, பிரதியிட்டோமா, விடையோடு அலகு எழுதினோமா என்று படிப்படியாகப் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு தவறையும் பார்த்து, இது ஏன் வந்தது என்று கேட்க வேண்டும். பாடமே தெரியாமல் வந்ததென்றால் புத்தகத்துக்குத் திரும்ப வேண்டும். தெரிந்தும் வினாவைச் சரியாக வாசிக்காமல் வந்ததென்றால் அதற்குப் புத்தகம் மருந்தாகாது. வினாவில் முக்கியச் சொல்லின் கீழ் கோடிடும் பழக்கமே மருந்து. நேரம் போதாமல் விட்டதென்றால் எந்த வினாவில் நேரத்தைத் தொலைத்தோம் என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் "கவனக்குறைவு" என்ற ஒரே பெயரில் எழுதிக் கணக்கை முடிப்பது நம்மை நாமே ஏமாற்றுவது. இவற்றுக்கென்று ஒரு சிறு குறிப்பேடு வையுங்கள். பத்து நாள் கழித்து அந்தத் தவறிய வினாக்களை மட்டும் மறுபடியும், பார்க்காமல், எழுதிப் பாருங்கள். தன்னைத் தானே கணக்குக் கேட்டுக்கொள்வதை மார்க்கத்தில் முஹாசபா என்கிறோம். அந்தப் பழக்கம் விடைத்தாளுக்கும் பொருந்தும்.

தெரிந்தும் எழுதாமல் விடும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம், முஸ்லிமுக்கு உவமையான மரம் எது என்று ஒரு முறை கேட்டார்கள். இளைஞரான இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு அது பேரீச்ச மரம் என்று மனத்தில் தோன்றியது. பெரியவர்கள் இருக்கும் சபையில் பேச வெட்கப்பட்டு மௌனமாக இருந்துவிட்டார்கள். பின்னர் தந்தை உமர் (ரலி) அவர்களிடம் அதைச் சொன்னபோது, நீ அதைச் சொல்லியிருந்தால் எனக்கு மிகவும் உவப்பாக இருந்திருக்கும் என்ற கருத்தில் அவர்கள் பதிலளித்தார்கள். விடைத்தாள் திருத்துபவருக்கு உங்கள் மனத்தில் இருப்பது தெரியாது. பாதி தெரிந்தாலும் அந்தப் பாதியை எழுதுங்கள்.

பெற்றோர்களே! "எங்களுக்குக் கணக்குத் தெரியாதே, நாங்கள் எப்படி உதவுவது?" என்று தாய்மார்கள் பலர் கேட்டனுப்பியிருக்கிறீர்கள். கணக்குத் தெரிய வேண்டியதில்லை. கடிகாரம் பார்க்கத் தெரிந்தால் போதும். பத்தேகாலுக்குத் தொடங்கச் சொல்லுங்கள். ஒன்றேகாலுக்குத் தாளை வாங்கிவிடுங்கள், "இன்னும் ஐந்து நிமிடம்" என்று கெஞ்சினாலும் சரி. இடையில் கடைக்கு அனுப்பாதீர்கள்; விருந்தினர் வந்தால் அழைக்காதீர்கள். முதல் தாளில் 28 மதிப்பெண் வந்தால் திட்டித் தீர்க்காதீர்கள். திட்டினால் அடுத்த முறை விடையைப் பார்த்து எழுதி 80 காட்டுவான். உங்களுக்கும் மகிழ்ச்சி, அவனுக்கும் மகிழ்ச்சி, மார்ச் மாதத்தில் இருவருக்கும் அழுகை. வீட்டில் 28 வருவது நல்லது. எங்கே ஓட்டை என்று தெரிந்துவிட்டது அல்லவா?

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழகமெங்கும் பொதுத் தேர்வுகளில் தேர்ச்சி விகிதத்தில் அவர்கள்தாம் முன்நிற்கிறார்கள். வீட்டு வேலையையும் செய்துவிட்டு அவர்கள் எழுதுகிறார்கள் என்பதை நினைவில் வைத்து, தேர்வு முடியும் வரையாவது அடுப்படியிலிருந்து அவர்களை விடுவியுங்கள். ஆண் பிள்ளைகள் தம் சாப்பாட்டுத் தட்டைத் தாமே கழுவினால் ஒன்றும் குறைந்துவிடாது. நபி (ஸல்) அவர்கள் தம் வீட்டு வேலைகளைத் தாமே செய்தார்கள்.

2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பத்தாம் வகுப்புத் தேர்வு முழுவதும் ரமலானுக்குள்ளேயே அமைந்தது. ரமலான் ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினொரு நாட்கள் முன்னோக்கி வருவதால், வரும் ஆண்டுகளில் அது திருப்புதல் வாரங்களில் அமையும். நோன்பு வைத்துக்கொண்டு எழுதிப் பழகுவது கடினம் என்று சிலர் பயிற்சியையே நிறுத்திவிடுகிறார்கள். ஸஹருக்கு எழுந்தபின் மறுபடி உறங்காமல், ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் ஒரு பகுதியை மட்டும் எழுதலாம். முழுத் தாளை விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளலாம். இரவு தராவீஹுக்குப் பின் தெருவில் கூடிப் பேசும் நேரத்தைக் குறைத்தாலே போதுமான உறக்கம் கிடைக்கும்.

பள்ளிவாசலில் பள்ளிக்கூட வேலை எதற்கு என்று கேட்கும் பெரியவர்களுக்கு: பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களில் எழுதத் தெரிந்தவர்கள், மதீனாச் சிறுவர்களுக்கு எழுத்தைக் கற்பித்து அதையே ஈட்டுத்தொகையாகச் செலுத்தி விடுதலை பெற்றதை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கற்பித்தவர்கள் அன்று இஸ்லாத்தின் எதிரிகள். கற்பித்ததோ வெறும் எழுத்து.

ஆகவே, நிர்வாகக் குழுவினரோடு கலந்து ஓர் ஏற்பாட்டைச் செய்திருக்கிறோம். வரும் ஞாயிறு தொடங்கிப் பொதுத் தேர்வு வரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்து மணிக்கு மதரஸாக் கூடத்தில் ஒரு பாடத்துக்கு முழு மாதிரித் தேர்வு நடைபெறும். ஒன்றேகாலுக்கு முடித்தால் லுஹர் ஜமாஅத்துக்கு நேரம் சரியாக இருக்கும். மாணவியருக்கு மேல்தளத்தில் தனி இடம். கண்காணிக்க ஆசிரியைகள் இருவர் இசைந்திருக்கிறார்கள். ஜெராக்ஸ் செலவை பைத்துல் மால் ஏற்றுக்கொள்ளும். விடைத்தாள்களை நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் திருத்தி, செவ்வாய்க்கிழமை மஃரிபுக்குப் பின் ஒவ்வொருவரையும் தனியே அழைத்துத் தவறுகளை விளக்குவார்கள். மதிப்பெண் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படாது. தவறிப்போய்த் துணைத் தேர்வு எழுத இருப்பவர்களும், கடையில் வேலை செய்துகொண்டே எழுத விரும்புபவர்களும் வரலாம். அவர்களுடைய முதலாளிகளிடம் ஞாயிறு காலை விடுப்புக் கேட்க நாமே நேரில் வருகிறோம்.

முதல் தாள் கணிதம். பேனா இரண்டு, பென்சில், அளவுகோல், கவராயம் கொண்டுவர வேண்டும். வரைபடத் தாள் இங்கே தரப்படும். கைப்பேசி வேண்டாம்.